சும்மாப்பழத்தின் சர்க்கரை

சும்மாப்பழத்தில் நூறு கிராமுக்கு நான்கு புள்ளி ஒன்று ஏழு கிராம் சர்க்கரை குறைவாக இருந்தது. எதைவிடக் குறைவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே பதில்தான் கிடைத்தது: சுத்தமாக இல்லாததைவிடக் குறைவு. இல்லாததைவிட ஒரு பொருள் எப்படிக் குறைவாக இருக்கும் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியிலேயே மூன்று வருடம் போனது, கூடத்து இயக்குநரின் தலை நரைத்தது, ஒரு பேக்கரி இழுத்து மூடப்படுகிற நிலைக்கு வந்தது. இத்தனைக்கும் விடை அந்த ஊரிலேயே ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு, ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்கியிருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

சும்மாப்பழம் என்பது ஊர் வைத்த பெயர். சும்மா காய்த்து, சும்மா பழுத்து, சும்மா விழுந்து கிடக்கும். பரிசோதனைக் கூடத்தின் பின்சுவருக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவில், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற இடத்தில், அந்த மரம் யாரும் நடாமல் முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்தது. பழம் கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். சாம்பல் பூத்த பச்சை நிறம், தடித்த தோல், உள்ளே ஒற்றைக் கொட்டை. கடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு துவர்ப்பு. காக்கை ஒரு தடவை கொத்தும், மறுபடி அந்தக் கிளையில் உட்காராது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஒன்றைத் தின்னக் கொடுத்து முகம் கோணுவதை வேடிக்கை பார்ப்பதுதான் அந்தப் பழத்தால் மனிதகுலத்துக்கு அதுவரை கிடைத்த பயன்.

யாரும் சீண்டாத காட்டுப் பழங்களில் என்னென்ன சத்து இருக்கிறது என்று ஓர் அட்டவணை அச்சிட வேண்டும் என மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, பரிசோதனைக் கூடத்தில் ஆளுக்கொரு பழத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். விவரமானவர்கள் தூரத்து மலைகளில் விளைகிற பழங்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார்கள். ஜீப் கிடைக்கும், வழியில் நல்ல சாப்பாடு கிடைக்கும். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டுகிற சும்மாப்பழம், பங்கு போடும்போது தராசைத் துடைத்துக்கொண்டிருந்த தசமத்தின் தலையில் கட்டப்பட்டது. தசமம் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. தராசு காட்டுகிற எண்ணில் கடைசி இலக்கத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அவள் முன்னால் 'சுமாரா' என்ற வார்த்தையை வாய்தவறிச் சொல்லிவிட்டு யாரும் சுலபமாகத் தப்பித்ததில்லை.

பழம் என்னவோ நல்ல பழம்தான். வைட்டமின் சி எலுமிச்சையைத் தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்கு இருந்தது. கால்சியம், இரும்பு, பொட்டாசியம் எல்லாம் தாராளம். கொட்டையை உடைத்தால் உள்ளே இருந்த பருப்பில் புரதமும் எண்ணெயும் கடலையோடு போட்டி போட்டன. நாக்கை ஒட்டவைக்கிற அந்தத் துவர்ப்பு, தோலில் இருந்த டானின் என்ற பொருளால் வந்தது. இதையெல்லாம் தசமம் ஒவ்வொன்றாக அளந்தாள். நீர் எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நார் எவ்வளவு, உலையில் வைத்து எரித்தால் மிஞ்சுகிற சாம்பல் எவ்வளவு என்று எல்லாம் முடிந்தது. சர்க்கரையும் மாவுச்சத்தும் மட்டும்தான் பாக்கி. இந்த இரண்டையும் பரிசோதனைக் கூடங்களில் பெரும்பாலும் யாரும் மெனக்கெட்டு அளப்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் கூட்டி, நூறிலிருந்து கழித்து, மிச்சம் எவ்வளவோ அதுதான் இது என்று எழுதிவிடுவார்கள். காலகாலமாக நடக்கிற வழக்கம், யாருக்கும் இதனால் கெடுதல் வந்ததில்லை. தசமமும் அப்படித்தான் கூட்டினாள். கூட்டுத்தொகை நூற்று நான்கு புள்ளி ஒன்று ஏழு என்று வந்தது. நூறு கிராம் பழத்தைப் பிரித்துப் போட்டால் நூற்று நான்கு கிராமுக்கு மேல் சாமான் இருந்தது. நூறிலிருந்து கழித்தால் பழத்தின் சர்க்கரை பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது.

தப்புக் கணக்கு என்றுதான் அவளும் நினைத்தாள். தராசைச் சரிபார்த்தாள், வேறு தராசில் போட்டாள், பக்கத்து ஊர்ப் பரிசோதனைக் கூடத்தின் தராசில் போட்டாள். காலையில் பறித்த பழம், மாலையில் பறித்த பழம், வெயில் பட்ட பக்கத்துப் பழம், படாத பக்கத்துப் பழம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். எண் அசையவில்லை. கடைசியில் கழித்துப் பார்க்கிற வழக்கத்தையே தூக்கிப் போட்டுவிட்டு நேரடியாகச் சோதித்தாள். அளந்து கரைத்த சர்க்கரைத் தண்ணீரில் நூறு கிராம் பழத்தை மசித்துப் போட்டாள். தண்ணீரிலிருந்து நான்கு புள்ளி ஒன்று ஏழு கிராம் சர்க்கரை காணாமல் போனது. அதற்கு மேல் எத்தனை கரண்டி போட்டாலும் அப்படியே இருந்தது. பழத்துக்குத் தன் பங்கு போதும், பேராசை கிடையாது.

இதற்குள் வேறு தொல்லை ஆரம்பித்திருந்தது. பழக்கூடை இருந்த அறையில் வைத்த டீ எல்லாம் சப்பென்று ஆனது. டீக்காரர் சர்க்கரையைத் திருடுகிறார் என்று ஊழியர்கள் சண்டைக்குப் போனார்கள். டீக்காரர் அவர்கள் கண்ணெதிரே இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். வாசலைத் தாண்டும்வரை தித்தித்த டீ, மேசைக்கு வந்ததும் சப்பென்று போனது. இனி அந்தக் கட்டடத்துக்கே வர மாட்டேன் என்று டீக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் இயக்குநர் தசமத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மைனஸ எடுத்துட்டு பூஜ்யம்னு போட்டுடும்மா. பழத்துல சர்க்கரை இல்ல, அவ்வளவுதானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

"இல்லன்னா பூஜ்யம் சார். இது இல்லாததுக்கும் கீழ இருக்கு. தண்ணியில இருக்கறத இழுக்குது."

"உலகத்துல எந்த அட்டவணையிலயாவது மைனஸ் சத்துன்னு பாத்திருக்கியா? அச்சாபீஸ்காரனே சிரிப்பான்."

"அச்சாபீஸ்காரர் சிரிச்சா சிரிக்கட்டும் சார். நான் அளந்தது அதுதான்."

இப்படியே ஒரு வருடம் போனது. ஒரு சின்னக் கோடு. நகத்தால் கீறினால் வருகிற அளவுக்கு ஒரு படுக்கைக் கோடு. அதை வைக்கவேண்டும் என்று ஒருத்தியும் எடுக்கவேண்டும் என்று ஒருவரும் வாரா வாரம் மல்லுக்கட்டினார்கள். இயக்குநர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறும்வரை எந்த வம்பும் இல்லாமல் காலத்தை ஓட்ட நினைத்தவர். தசமம் திமிர் பிடித்தவளும் இல்லை. ஆனால் அளந்த எண்ணை மாற்றி எழுது என்றால், யாரோ தன் கையைப் பிடித்து எழுதவைப்பதுபோல அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் தரப்பில் வலுவான நியாயம் ஒன்று இருந்தது. காணாமல் போன பொருள் எங்கேயாவது இருந்தாக வேண்டும், உலகத்துக் கணக்கு அப்படித்தான் நிற்கிறது. ஆகவே அவள் மரத்தின் வேரைத் தோண்டினாள், பட்டையைச் சுரண்டினாள், இலையை அரைத்தாள், அடிமண்ணைக் கரைத்தாள், சின்னக் கிளைகளை அறுத்து ஊறவைத்துச் சோதித்தாள். எதிலும் சர்க்கரை கூடுதலாக இல்லை. பொறுமை போன இயக்குநர் பழத்தை அவளிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவளைப் புகார் மாதிரிகள் பிரிவுக்கு மாற்றினார். கலப்படம் என்று சந்தேகப்பட்டு அதிகாரிகள் கைப்பற்றுகிற பொருட்கள் அங்கே முத்திரை போட்ட பொட்டலமாக, கடைப் பெயர் இல்லாமல் வெறும் குறியீட்டு எண்ணோடு வரும். பிரித்து, அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அளந்ததை அளந்தபடியே எழுத அங்கே யாரும் தடை சொல்ல மாட்டார்கள் என்பது மட்டும் அவளுக்கு ஆறுதல்.

அவள் கணவன் பேக்கரி வைத்திருந்தான். கடைவீதித் திருப்பத்தில், முன்னால் கண்ணாடி அலமாரியும் பின்னால் விறகு அடுப்புமாக ஒரு கடை. அவனுடைய தொந்தரவு நேர் எதிரானது. அவன் சுடுகிற உப்பு ரொட்டி தித்தித்தது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், இவற்றைத் தவிர அவன் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து எடுத்து ஒரு துண்டு வாயில் போட்டால் பிறந்தநாள் கேக்கின் ஓரத்தைக் கடித்த மாதிரி இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் நம்பி வாங்குகிற ரொட்டி அது. மாவுக் கடையை மாற்றினான், ஈஸ்ட்டை மாற்றினான், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினான், பிசைகிற மேசையை இழைத்தான். கையில்தான் ஏதோ இருக்கிறதென்று யாரோ சொல்ல, ஒரு மாதம் பூராவும் கையுறை போட்டுக்கொண்டு பிசைந்தான். விறகை மட்டும் மாற்றவில்லை. ரொட்டி தித்தித்தால் விறகைச் சந்தேகப்படுகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறான்? அதுவும் ஓசியில் வருகிற விறகை.

இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கிடைத்த நேரம் சாயங்காலச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். அவள் வேலை முடிந்து அப்போதுதான் வருவாள். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்ட வேண்டியவன் என்பதால் அவன் சாப்பிட்டதும் படுத்துவிடுவான். நாள் முழுக்கச் சேர்த்துவைத்த ஆத்திரத்தை அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். யார் முதலில் என்று பேசிவைத்துக்கொள்ளாததால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பிப்பார்கள். சர்க்கரை காணோம் என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள், சர்க்கரை எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பான். நடுநடுவே இருவரும் 'கேக்கறீங்களா' 'கேக்கறியா' என்று கேட்டுக்கொள்வார்கள். பதிலுக்கு யாரும் காத்திருந்ததில்லை. மூன்றாவதாக மேசையில் இருந்தவர் அவனுடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார். பேக்கரியின் கல்லாவில் உட்காருகிறவர். பகல் முழுக்க வாடிக்கையாளர்களின் வசவைக் கேட்டுக் களைத்துப் போனவர் என்பதால், தட்டு வைத்ததும் இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். ஆக, இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கக்கூடிய ஒரே மனுஷியும் பஞ்சு வைத்திருந்தார். இந்த லட்சணத்தில் அந்த வீட்டில் மூன்று வருடம் போனது.

இதற்கிடையில், சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் அந்த உப்பு ரொட்டியைத் தின்று தலைசுற்றி விழுந்து, எழுந்ததும் நேராகப் போய்ப் புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்து ரொட்டியைக் கைப்பற்றினார்கள். அது முத்திரை போட்ட பொட்டலமாகப் புகார் மாதிரிகள் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. தசமம் பிரித்தாள், அளந்தாள். மாவில் இயல்பாக இருக்கக்கூடியதைக் கழித்த பிறகும் நூறு கிராமுக்கு நான்கு புள்ளி ஒன்று ஏழு கிராம் சர்க்கரை கூடுதலாக இருந்தது. வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது என்று எழுதி அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். எந்தப் படுபாவி வியாதிக்காரர்கள் தின்கிற ரொட்டியில் சர்க்கரையைக் கொட்டுகிறானோ என்று பக்கத்து மேசைக்காரியிடம் திட்டவும் செய்தாள். அந்த எண்ணை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நம்புவதற்குக் கஷ்டம்தான். மூன்று வருடமாகத் தூக்கத்திலும் அதே எண்ணை உளறியவள். ஆனால் முன்னால் கோடு இல்லாமல் அவள் அதைப் பார்த்ததே இல்லை. தாடி வைத்திருந்தவர் மழித்துக்கொண்டு எதிரே வந்ததுபோல, அந்த எண் அவளைக் கடந்து போய்விட்டது.

பேக்கரிக்கு நோட்டீஸ் வந்த அதே நாளில் பரிசோதனைக் கூடத்துக்குக் காட்டுப் பழ அட்டவணையும் அச்சாகி வந்தது. சும்மாப்பழம், சர்க்கரை, பூஜ்யம். இயக்குநர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். தசமத்தின் கைக்கு வந்தபோது அது இனிப்பாக இல்லை. வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். எதிரே நோட்டீசை மடியில் வைத்துக்கொண்டு அவன். நாத்தனார் பஞ்சைத் திருகி வைத்துக்கொண்டார். வழக்கம்போல இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

"பூஜ்யம்னு போட்டுட்டாங்க. கண்ணு முன்னாடி அளந்து காட்டினேன், மைனஸ்—"

"கடைய மூடச் சொல்றாங்க. என் ரொட்டியில வெளியிலேருந்து போட்ட சர்க்கரை—"

"நாலு புள்ளி ஒண்ணு ஏழு" என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த மேசையில் சத்தம் நின்றது. அமைதி எவ்வளவு பலமாக இருந்ததென்றால் நாத்தனார் பதறிப்போய்ப் பஞ்சைப் பிடுங்கினார்.

"என்ன ஆச்சு? யாருக்கு உடம்புக்கு என்ன?"

அவன் நோட்டீசோடு இருந்த பரிசோதனை அறிக்கையை மேசைமேல் வைத்து, கீழே இருந்த கையெழுத்தில் விரலை வைத்தான். கடையிலேயே அவன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டான். அதைச் சொல்லத்தான் வந்திருந்தான், எண்ணில் மாட்டிக்கொண்டான். அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். படுபாவி என்று தான் திட்டியது யாரை என்று தெரிந்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் ரொட்டின்னு தெரிஞ்சிருந்தா மாத்தி எழுதியிருப்பியா?" என்று அவன் கேட்டான்.

அவள் யோசித்தாள். "மாட்டேங்க" என்றாள்.

"அது தெரிஞ்சதுதான். அப்ப நம்பர் சரி. ஆனா நான் போடலம்மா."

"நீங்க போட்டிருக்க மாட்டீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? மூணு வருஷமா ரொட்டி தித்திக்குது தித்திக்குதுன்னு கத்தறேன். ஒரு நாளாவது காதுல வாங்கினியா?"

"நானும்தான் சர்க்கரை காணோம் காணோம்னு கத்தினேன். நீங்க வாங்கினீங்களா?"

"அடப்பாவிங்களா" என்றார் நாத்தனார், இப்போதுதான் முதல் தடவையாக இரண்டையும் கேட்டவர். "அங்க காணாமப் போனது இங்க வந்திருக்கு. இதுக்கா இத்தனை நாள் என் காதப் பிச்சீங்க?"

பொழுது விடிந்ததும் தசமம் பேக்கரியின் பின்கட்டுக்கு வந்தாள். கல்யாணமான புதிதில் வந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த முடிச்சுகளை, அந்தச் சாம்பல் பூத்த பட்டையை எத்தனை தடவை சுரண்டியிருப்பாள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பழைய விறகுக் கடை மூடியபோது, எங்கள் ஆபீஸ் பின்னாடி காய்ந்த கிளை குப்பையாக விழுந்து கிடக்கிறது, வேண்டுமானால் அள்ளிக்கொண்டு போங்கள் என்று அவளேதான் ஒரு சாயங்காலம் சொல்லியிருந்தாள். மூன்று வருடத்தில் அவள் சொன்னதில் அவன் காதில் விழுந்தது அந்த ஒன்றுதான். அது விழாமல் போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மரத்தில் எதை அறுத்து ஊறவைத்து அரைத்துப் பார்த்தாலும் சர்க்கரை அகப்படாததற்குக் காரணம் இப்போது தெரிந்தது. அந்த மரம் பழத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டதைத் தண்ணீருக்குக் கொடுக்கவில்லை, நெருப்புக்குத்தான் கொடுத்தது. அன்றைக்கே வேறு விறகில் ஒரு அடுப்பு ரொட்டி சுட்டார்கள். உப்பு ரொட்டி உப்பு ரொட்டியாக வந்தது. மறுபடி சும்மாமர விறகை வைத்தார்கள். தித்தித்தது.

இனிச் சிக்கல் விசாரணையில். கலப்படப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி, காலையிலிருந்து மாலைவரை பாலில் தண்ணீர், தேனில் வெல்லம் என்று கேட்டுக் கேட்டு எதற்கும் ஆச்சரியப்படுகிற சக்தியை இழந்தவர். அவன் தரப்பை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் காட்டுப் பழ அட்டவணையைப் புரட்டினார். பழத்தில் சர்க்கரை பூஜ்யம் என்றால் மரம் எதையும் எடுத்து ஒளித்துவைக்கவில்லை என்றுதான் ஆகிறது, விறகில் வராது, அப்படியானால் ரொட்டியில் இருப்பது உங்கள் கை போட்டதுதான் என்றார். அந்த ஒரு பூஜ்யம் கடையை மூடப் போதுமானதாக இருந்தது. தசமம் எழுந்து நின்றாள்.

"வீட்டுக்காரருக்காகப் பேசறீங்களோ?" என்றார் அதிகாரி.

"சார், அந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டு கடைய மூடற நிலைமைக்குக் கொண்டாந்ததே நான்தான். ரொட்டியில நாலு புள்ளி ஒண்ணு ஏழு கூட. அது நிஜம். பழத்துல அதே நாலு புள்ளி ஒண்ணு ஏழு கம்மி. அதுவும் நிஜம். ஒண்ண வெச்சுக்கிட்டு ஒண்ண அழிச்சிட்டா எப்படி சார்?"

ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கிண்ணத்தில் மசித்த பழமும் கொண்டுவந்திருந்தாள். அதிகாரி ரொட்டியைத் தனியாகத் தின்றார், தித்தித்தது. பழத்தோடு சேர்த்துத் தின்றார், தித்திக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு இயக்குநரை வரவழைத்து, அந்தப் பூஜ்யம் யார் போட்டது என்றார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"கோடு அச்சுல விழலீங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தசமத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டையும் கூட்டினா என்ன வருது?" என்று அதிகாரி தசமத்திடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். சரியாப் போயிடுது."

"கணக்கு சரியா இருக்கில்ல? அப்புறம் எதுக்கு என் உயிர எடுக்கறீங்க? கோட்டப் போடுங்க."

கோடு போடப்பட்டது. அட்டவணையின் மறுபதிப்பில் சும்மாப்பழத்துக்கு நேராக மைனஸ் அச்சானது. அச்சாபீஸ்காரர் சிரிக்கவில்லை, எத்தனை பிரதி என்று மட்டும் கேட்டார். பேக்கரி திறந்திருக்கலாம் என்றும், ஆனால் வாங்குகிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும் என்றும் உத்தரவானது. அதன்படி கண்ணாடி அலமாரியில் ஒரு அட்டை தொங்கியது: 'இந்த ரொட்டியில் சர்க்கரை சேர்க்கப்படவில்லை. இருக்கிறது.' முதல் சில நாட்கள் படித்தவர்கள் நின்று இரண்டாம் தடவை படித்தார்கள். அப்புறம் அரை ரொட்டியா ஒரு ரொட்டியா என்பது மட்டும்தான் பேச்சாக இருந்தது.

வேறு விறகுக்கு மாறிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்து அவன் ஒரு பருவம் சும்மாமரக் கிளைகளை அள்ளப் போகவில்லை. பரிசோதனைக் கூடத்தில் கிளைகள் குவிந்தன. பழத்தின் மைனஸ் ஐந்தைத் தாண்டியது, பிறகு ஆறைத் தாண்டியது. டீ கசந்தது. உணவறையின் சர்க்கரை டப்பா வெறும் வெள்ளைத் தூளானது. சோதனைக்கு வந்த ஜாம் பாட்டில்கள் வரிசையாகப் புளித்தன. கடைசியில் இயக்குநரே போன் செய்து, தயவுசெய்து வந்து அள்ளிக்கொண்டு போய் எரித்துத் தொலையுங்கள் என்று கெஞ்சினார். அன்றிலிருந்து குப்பை வண்டி வருவதுபோல பேக்கரி வண்டியும் வாரம் தவறாமல் பின்வாசலுக்கு வருகிறது, மைனஸ் பழைய இடத்திலேயே நிற்கிறது, டீக்காரரும் திரும்பி வந்துவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்காகப் பேக்கரியில் ரொட்டியோடு அளந்து கட்டிய ஒரு பொட்டலம் சும்மாப்பழமும் கொடுக்கிறார்கள். சேர்த்துத் தின்றால் தித்திப்பும் போய், பாதித் துவர்ப்பும் போய், மற்ற எல்லாக் கடையிலும் கிடைக்கிற அதே சாதாரண உப்பு ரொட்டியின் ருசி வருகிறது. இத்தனை பாடும் அதற்குத்தான். ஆனால் வைட்டமின் சி கூடுதல் என்று தசமம் சொல்கிறாள், எவ்வளவு என்று தசமத்தோடு.

அந்த வீட்டில் இரண்டு பேரும் இன்றைக்கும் ஒரே சமயத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பழக்கத்தை யார் மாற்ற முடியும். ஆனால் இரண்டு வார்த்தை போனதும் ஒருவர் நிறுத்திக்கொள்கிறார். பெரும்பாலும் அவன்தான். ஒரு சாயங்காலம் அவள் கொட்டைப் பருப்பின் எண்ணெயைப் பற்றி, அதில் இருக்கிற கொழுப்பு வகைகளைப் பற்றி, சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினாள். அவன் ரொட்டியை மென்றுகொண்டே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புரியுதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் புரியல. நீ சொல்லு."

அவள் மேலே சொன்னாள். நாத்தனார் அலமாரியிலிருந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்து அலமாரியை மூடினார்.